ஹரிணி பேசாத இருபத்து மூன்று நாள்

எங்கள் வீட்டில் எட்டு மாதமாக நானும் என் வீட்டுக்காரரும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளவில்லை. இதை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். மருத்துவமனையில் டாக்டரிடம் இதைச் சொல்ல எனக்கு ஐந்து நாள் பிடித்தது. அந்த ஐந்து நாளில் என் மகளுக்கு எடுக்காத பரிசோதனை இல்லை. இதைப் படிக்கிற யாராவது ஒருவர் வீட்டில் அந்த ஐந்து நாள் மிச்சமானால் நான் எழுதியதற்கு அது போதும்.

ராசிபுரத்திலிருந்து வெண்ணந்தூர் போகிற வழியில் எங்கள் கோழிப்பண்ணை இருக்கிறது. இரண்டே கொட்டகை, முட்டைக் கோழி. நாமக்கல் பக்கத்துப் பெரிய பண்ணைக்காரர்கள் பார்த்தால் இதைப் பண்ணை என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். தீவனமும் மருந்தும் அவர் பொறுப்பு. முட்டை எடுப்பது, அட்டையில் அடுக்குவது, வண்டிக்கு ஏற்றிவிடுவது என் பொறுப்பு. வீடும் பண்ணைக்குள்ளேயே. காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்துக்கொண்டே இருக்க வேண்டிய பிழைப்பு. அவர் பெயர் குமரேசன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே. கத்தினால் பத்து நிமிடத்தில் இறங்கிவிடும். அவருக்கு வயிற்றுக்குள்ளே. வாயைத் திறக்கவே மாட்டார். கத்துகிறவளோடு வாழ்வது கஷ்டம் என்று ஊரே சொல்லும். வாயைத் திறக்காதவரோடு வாழ்ந்து பார்த்தால்தான் தெரியும்.

சண்டை எதில் தொடங்கியது என்று கேட்டால் சிரிப்பீர்கள். சேந்தமங்கலத்தில் என் அண்ணன் புது வீடு கட்டிப் பால் காய்ச்சினார். எங்கள் பக்கத்தில் விசேஷ வீட்டுக்குப் போனால் கை நனைக்காமல் வரக்கூடாது. பந்தியில் உட்கார்ந்து இரண்டு வாயாவது சாப்பிட்டுவிட்டுத்தான் எழ வேண்டும். உறவு வேண்டாம் என்கிறவன்தான் மொய்யை வைத்துவிட்டுக் கை நனைக்காமல் கிளம்புவான். என் வீட்டுக்காரர் அன்று இலை போட்ட பிறகு, போன் வந்தது என்று எழுந்து வெளியே போனவர் திரும்பி வரவே இல்லை. நாலு பேர் முன்னால் அண்ணி என்னிடம், "மாப்பிள்ளை கை நனைக்காமயே போயிட்டாருங்களா?" என்று கேட்டார். எனக்குக் காதெல்லாம் எரிந்தது.

மூன்று நாள் அண்ணன் வீட்டிலேயே இருந்துவிட்டுத் திரும்பினேன். ஏன் போனீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. கேட்பாள் என்று அவர் இருந்தார், சொல்வார் என்று நான் இருந்தேன். இரண்டு நாள் நாலு நாளாகி, மாதமாகி, அப்படியே பழகிப்போய்விட்டது.

பேசாமல் பண்ணை நடக்குமா? நடந்தது. எங்கள் ஒரே மகள் ஹரிணி, பதினாறு வயது, பதினொன்றாம் வகுப்பு, அவள் வழியாக நடந்தது. "உங்கப்பாகிட்டச் சொல்லு, முட்டை வண்டி நாளைக்கு நேரமே வருதாம்." "உங்கம்மாகிட்டச் சொல்லு, அந்த மருந்து டப்பா எங்கேன்னு." அடுப்படிக்கும் முன்னறைக்கும் நடுவில் பத்தடிகூட இருக்காது. அவருக்கு நான் சொல்வது காதில் விழும். ஆனாலும் ஹரிணி நடந்து போய்ச் சொன்ன பிறகுதான் பதில் வரும். ஒறம்பரைக்காரர்கள், சொந்தக்காரர்கள்தான், வந்தால், "என்ன போஸ்ட்மேன், தபால் ஏதும் இருக்குதா?" என்று அவளைக் கேலி பண்ணுவார்கள். நாங்களும் சிரிப்போம். இது எந்த வீட்டில்தான் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த எட்டு மாதத்தில்தான் அவள் போனுக்குள் விழுந்தாள். டியூஷனுக்கு என்று வாங்கிக் கொடுத்தது. முதலில் குட்டி குட்டி வீடியோ. பிறகு ஏதோ விளையாட்டு. அதில் முகம் பார்க்காத நாலைந்து பிள்ளைகளோடு ஒரு குழு. ஒரு கையில் தட்டு, ஒரு கையில் போன். காதில் எந்நேரமும் ஹெட்போன். குளிக்கப் போனாலும் உள்ளே பாட்டுச் சத்தம். வகுப்பில் தூங்குகிறாள் என்று பள்ளியிலிருந்து கூப்பிட்டுச் சொன்னார்கள். மார்க் சரிந்தது. போனைக் கேட்டால் அப்படி ஒரு கோபம் வந்தது அவளுக்கு. மிரட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், திருச்செங்கோட்டு மலைக்குக் கூட்டிக்கொண்டு போய் வேண்டிக்கொண்டு வந்தேன். நல்லா இருந்த பிள்ளையைப் போன் கெடுத்துவிட்டது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் புலம்பினேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். அவரிடம் ஏதோ சொல்லச் சொல்லி மூன்று முறை கூப்பிட்டேன். அவள் தலையே நிமிரவில்லை. நேரே போய்ப் போனைப் பிடுங்கினேன். கோழிகளுக்கு மருந்து கலக்குகிற தண்ணீர்த் தொட்டி வாசலில் இருக்கிறது, அதற்குள் வீசிவிட்டேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரக்காரிக்கு அதுவும் கிடையாது. ஹரிணி தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. அழட்டும், அழுதால் சரியாகிவிடும் என்று நான் முட்டை எடுக்கப் போய்விட்டேன்.

மறுநாள் காலையில் அவள் என்னிடம் எதையோ சொல்ல வந்தாள். உதடு அசைந்தது, வெறும் காற்று வந்தது. வீம்பு என்று நினைத்தேன். மத்தியானத்துக்குள் அவள் கண்ணில் இருந்த பயத்தைப் பார்த்து எனக்கும் பயம் வந்துவிட்டது.

ராசிபுரத்தில் ஒரு டாக்டர் தொண்டைப் புண்ணாக இருக்கும் என்று மாத்திரை கொடுத்தார். உப்புத் தண்ணீரில் கொப்பளித்தோம். எனக்கு வேறு சந்தேகம். போன வாரம்தான் கொட்டகையில் கிருமிநாசினி அடித்திருந்தோம், அந்த நெடி தொண்டையைப் பிடித்துவிட்டதோ என்று. என் வீட்டுக்காரர் டார்ச் அடித்து அவள் தொண்டையைப் பார்த்தார், நெஞ்சில் காது வைத்துக் கேட்டார். கொட்டகையில் ஆயிரக்கணக்கான கோழிக்கு நடுவே ஒரே ஒரு கோழிக்குச் சளி என்றால்கூட, நின்று கேட்டு எந்தக் கூண்டு என்று காட்டிவிடுவார் மனிதர். பெற்ற பிள்ளை கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சைக் குறைத்துக்கொண்டு வந்ததை எட்டு மாதம் கேட்கவில்லை. நானும்தான். நான் கேட்டிருந்தால் அவரைச் சொல்ல எனக்கு வாய் இருக்கும்.

நாலாம் நாள் காலையில் பல் தேய்க்கப் போனவள் மயங்கி விழுந்தாள். மூன்று நாளாகத் தண்ணீரும் இரண்டு வாய் கஞ்சியும்தான் உள்ளே போயிருந்தது. முட்டை வண்டிக்காரரே அவளைத் தூக்கி முன் சீட்டில் உட்கார வைத்துச் சேலத்துக்கு ஓட்டினார். ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம்.

சொன்னால் வெட்கம், ஆனால் சொல்லியாக வேண்டும். வார்டில் ஹரிணிக்கு டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கட்டிலுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். நர்ஸ் வந்து ஆதார் அட்டை கேட்டது. அது அவர் சட்டைப் பையில் இருந்தது எனக்குத் தெரியும். நான் ஹரிணியைப் பார்த்து, "உங்கப்பாகிட்ட ஆதார் கார்டக் கேளு சாமி" என்றேன். குரல் போன பிள்ளையிடம். நர்ஸ் என்னை ஒரு பார்வை பார்த்தது. ஹரிணி ஊசி குத்தாத கையைத் தூக்கி அவர் சட்டைப் பையைக் காட்டினாள்.

பரிசோதனைகள் ஆரம்பித்தன. ரத்தம், தைராய்டு, இதயத்துக்கு ஒன்று. காது மூக்குத் தொண்டை டாக்டர் ஒரு மெல்லிய குழாயை மூக்கு வழியாக விட்டுத் தொண்டையைத் திரையில் காட்டினார். குழாயின் நுனியில் கேமரா. உள்ளே வெள்ளையாக இரண்டு பட்டை, ஒரு கதவின் இரண்டு பக்கம் மாதிரி. அதுதான் குரல் நாண். இரண்டும் சேர்ந்து அதிர்ந்தால் சத்தம். டாக்டர் 'ஈ' என்று சொல்லச் சொன்னார். பட்டைகள் பாதி வந்து நின்றுவிட்டன. இருமச் சொன்னார். ஒட்டி மூடின; இருமலில் நல்ல சத்தமே வந்தது. அவர் அதை இரண்டு முறை செய்யச் சொல்லிப் பார்த்துவிட்டு, நாணில் கோளாறு இல்லை, மூளையையும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்றார். மூளை என்ற சொல்லுக்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை.

எம்.ஆர்.ஐ. எடுக்கிற அறைக்கு வெளியே மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். உள்ளே இருந்து தட்டுகிற சத்தம். கட்டியாக இருக்குமோ, இனிமேல் அவள் குரலைக் கேட்கவே முடியாதோ என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசியாக அவள் என்னிடம் சொன்னது என்ன என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை. அவர் எழுந்து போனார். இரண்டு டீ வாங்கிக்கொண்டு வந்து ஒன்றை என் பக்கத்தில் பெஞ்சில் வைத்தார். சர்க்கரை இல்லாத டீ. நான் சர்க்கரையை விட்டு ஆறு மாதம்தான் ஆகிறது, அவரிடம் நான் சொன்னதில்லை. ஹரிணி சொல்லியிருக்க வேண்டும். அந்த டீயைக் குடிக்க முடியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

எல்லா ரிப்போர்ட்டும் நார்மல் என்று வந்தது. நார்மல் என்றால் சந்தோஷப்பட வேண்டும். எங்களுக்கு இன்னும் பயமாகிவிட்டது. ஒன்றும் இல்லை என்றால் பிள்ளை ஏன் பேசவில்லை? தினமும் சாயங்காலம் பில் வரும். அவர் எனக்குக் காட்டாமல் மடித்துப் பையில் வைத்துக்கொள்வார். ஐந்தாம் நாள் மனநல டாக்டரைப் பார்க்கச் சொன்னார்கள். என் பிள்ளைக்குப் பைத்தியமா என்று நான் நர்ஸிடம் சண்டைக்குப் போனேன். அந்தப் பெண் நிதானமாக, "அம்மா, தொண்டை டாக்டர் தொண்டையைப் பாக்கறாரு, இவங்க மனசப் பாக்கறாங்க, அவ்வளவுதான்" என்றது.

அந்த டாக்டர் அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். ஹரிணிக்கு ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்து, கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் இருந்தார். பிறகு எங்கள் இருவரையும் கூப்பிட்டார். ஹரிணியை வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். வீட்டில் யார் யாரோடு பேசுவீர்கள் என்று கேட்டார். சாதாரணக் கேள்விதான். நான் பதிலுக்குப் பழக்கதோஷத்தில் பக்கத்தில் ஹரிணியைத் தேடினேன். அவள் இல்லை. வேறு வழி இல்லாமல், கை நனைக்காத கதையிலிருந்து ஆதார் அட்டை வரைக்கும் நானே சொன்னேன்.

டாக்டர், ஹரிணி காட்டச் சம்மதித்தாள் என்று சொல்லி, நோட்டில் ஒரு பக்கத்தைத் திருப்பி வைத்தார். அவள் கையெழுத்து.

'அம்மா சொன்னது: உங்கப்பனைக் கொட்டிக்க வரச் சொல்லு. நான் சொன்னது: அப்பா, சோறு ஆறிப்போயிருமாம், வருவீங்களாம்.'

'அப்பா சொன்னது: அவ அண்ணன் ஊட்டுக்கே போயி இருந்துக்கச் சொல்லு. நான் சொன்னது: அம்மா, வேணும்னா மாமா ஊட்டுக்கு ஒரு நாள் போயிட்டு வருவியாம்.'

எனக்கு அந்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. மனிதர் இரங்கி வந்துவிட்டார் என்று சந்தோஷமாகச் சேந்தமங்கலத்துக்கு பஸ் ஏறினேன். அவருக்கும் அந்தச் சோற்று வரி ஞாபகம் இருந்திருக்க வேண்டும்; படித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். பக்கம் முழுக்க இப்படியே. அடியில் தனியாக எழுதியிருந்தாள்: 'சொன்னதை அப்படியே சொன்னா ரெண்டு பேரும் பிரிஞ்சு போயிருவாங்க. யோசிச்சு மாத்திச் சொல்லோணும். ஹெட்போன் போட்டிருந்தா கூப்பிட்டது கேக்கலைன்னு சொல்லிக்கலாம்.'

டாக்டர் எங்களைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் பாடம் சொல்வது போல மெதுவாகச் சொன்னார். மனதில் ஏறுகிற பாரம் எல்லாருக்கும் வார்த்தையாக வெளியே வராது. சிலருக்குத் தலைவலியாக வரும், சிலருக்குக் கால் மரத்துப்போகும், சிலருக்குக் குரல் நின்றுவிடும். உறுப்பு நன்றாக இருக்கும். அதை இயக்குகிற கட்டளைதான் போய்ச் சேராது. இதற்குச் செயல்சார் குரலிழப்பு என்று பெயர். "இது நடிப்பு இல்லைங்க. அவளே நினைச்சாலும் இப்பப் பேச முடியாது. அதை நீங்க ரெண்டு பேரும் முதல்ல நம்பணும்" என்றார்.

அப்படியென்றால் போன் காரணம் இல்லையா என்று கேட்டேன். எனக்கு அந்தத் தொட்டிதான் கண்முன் நின்றது. டாக்டர் சொன்னது: "குளிர்காய்ச்சல் வந்த பிள்ளை போர்வையை இழுத்துப் போர்த்திட்டிருந்துச்சு. நீங்க போர்வையைப் பிடுங்கிட்டீங்க. ஆனா அந்தப் போர்வையும் இப்ப ஒரு பிரச்சினை ஆயிருச்சு. தூக்கம் போச்சு, சாப்பாடு போச்சு, படிப்புப் போச்சு. அதையும் சரி பண்ணணும், ஒரேடியாப் பிடுங்காம."

இதுவரை வாயே திறக்காத என் வீட்டுக்காரர் அங்கேதான் திறந்தார். "முட்டை விடற கோழிக்கு வெளிச்சத்தை ஒரேடியாக் கொறைச்சா றெக்கையெல்லாம் கொட்டிப் போயிருமுங்க டாக்டர். முட்டையும் நின்னு போயிரும். அந்தத் தப்ப நாங்க பண்ணையில பண்ண மாட்டமுங்க" என்றார். டாக்டருக்கு இது பிடித்துவிட்டது. ஹரிணியை உள்ளே கூப்பிட்டு, முதல் வாரம் எவ்வளவு நேரம், அடுத்த வாரம் எவ்வளவு, படுக்கையறைக்குப் போன் போகக்கூடாது என்று அவளையே எழுத வைத்தார். உங்கப்பாவின் கோழிக் கணக்கு என்று விளக்கமும் சொன்னார். ஹரிணி நோட்டில் 'நான் கோழியா?' என்று எழுதிக் காட்டினாள். அந்த ஐந்து நாளில் நாங்கள் சிரித்தது அப்போதுதான்.

எங்களுக்கு ஒரே ஒரு மருந்து எழுதினார். ஹரிணி வழியாக ஒரு சொல்கூடப் போகக்கூடாது. உப்பு வேண்டும் என்றாலும் ஒருவரை ஒருவர் பார்த்துத்தான் கேட்க வேண்டும். மாத்திரை என்றால் முழுங்கிவிடலாம். இது இறங்கவே இல்லை. அன்று மத்தியானம் கேன்டீனில் எதிரெதிரே உட்கார்ந்தோம். கல்யாணம் முடிந்த மறுநாள்கூட எனக்கு இவ்வளவு கூச்சம் இருந்ததில்லை. கடைசியில் நான்தான் கேட்டேன்.

"ஏனுங்க, அன்னிக்கு எங்கண்ணன் ஊட்ல ஏன் கை நனைக்காமப் போனீங்க?"

"கரண்ட் போயி, ஜெனரேட்டரும் எடுக்கலைன்னு பண்ணையிலிருந்து போன் வந்துச்சு. அன்னிக்கு இருந்த வெயிலுக்கு ஃபேன் நின்னா என்னாகும்னு உனக்கே தெரியும் புள்ள. நான் போறதுக்குள்ள ஒரு வரிசைக் கோழி செத்துப்போச்சு. நானேதான் குழி வெட்டிப் போட்டேன்."

திரும்பி வந்தபோது கூண்டுகள் காலியாக இருந்ததைப் பார்த்தேன்தான். முட்டை குறைந்த கோழியை விற்றிருப்பார் என்று நினைத்தேன்.

"சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"அண்ணன் ஊடு பால் காய்ச்சுன சந்தோசத்துல இருக்கற, அங்க வெச்சுச் சொல்ல வேண்டாமுன்னு போயிட்டேன். வந்த பொறவு, நீ ஒரு வார்த்தை கேக்கவே இல்ல."

எனக்கு அவர் மேல் கோபம் வந்தது, என் மேல் அதைவிட வந்தது. கேன்டீனில் எல்லாரும் பார்க்க அழுதேன். அவர் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். மறுநாள் அண்ணன் கேரியரில் சாப்பாடு கொண்டுவந்தார். இவர் நேராக எழுந்து கை கழுவிவிட்டு உட்கார்ந்து, அண்ணன் போதும் போதும் என்று சொல்கிற அளவுக்குச் சாப்பிட்டார். அண்ணனுக்கு எதுவும் புரியவில்லை; பில் கட்ட வேண்டிய இடத்தை மட்டும் கேட்டுக்கொண்டு போனார்.

குரல் பயிற்சிக்கு ஒரு சின்னப் பெண் இருந்தது. சும்மா பேசு பேசு என்று சொல்லாது. இருமச் சொல்லும். இருமலின் வாலைப் பிடித்து இழுக்கச் சொல்லும். தண்ணீரை வாயில் வைத்துக் கொப்பளிக்கிற சத்தத்தை நீட்டச் சொல்லும். வாயை மூடிக்கொண்டு 'ம்' என்று சொல்லி, தொண்டையில் கையை வைத்து அதிர்வு தெரிகிறதா பார்க்கச் சொல்லும். முதல் இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஹரிணி சோர்ந்துபோய் வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். போன் இல்லாத கை சும்மாவே இருக்காது, போர்வை நுனியைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். மருத்துவமனையில் சேர்த்த எட்டாம் நாள், நான் வார்டில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவர் பயிற்சி அறைக்கு வெளியே நின்றவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"சத்தம் வருது புள்ள. 'ம்'முங்கறா. நானே என்ற காதால கேட்டேன்."

மறுநாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இங்கே முடித்தால் அழகாக இருக்கும். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு பதினொரு நாள் அவள் பேசவில்லை. பயிற்சி செய்வாள். ஒன்று இரண்டு எண்ணினால் பத்து வரைக்கும் சத்தம் வரும். பாடப் புத்தகத்தைக் கரகரத்த குரலில் அரைப் பக்கம் படிப்பாள். தானாக ஒன்றைச் சொல்ல வாயைத் திறந்தால் மட்டும் காற்றுதான். டாக்டருக்குப் போன் பண்ணினால், "அடுத்தவங்க வார்த்தை வருதில்ல, அவ வார்த்தையும் வரும். அவசரப்படுத்தாதீங்க" என்பார். வராமலே போய்விட்டால் என்று நான் கேட்க நினைத்துக் கேட்காமல் வைத்துவிடுவேன். அந்தப் பதினொரு நாளில் நான் செய்த வேண்டுதல்களைத் தீர்க்க இன்னும் இரண்டு வருடம் ஆகும்.

பழைய போன் ஒன்றை அவளுக்குக் கொடுத்தோம். அவள் எழுதிய நேரப்படி முன்னறையில் உட்கார்ந்து பார்ப்பாள். ஒரு நாள் நேரம் முடிந்தும் கொடுக்காமல் முறைத்தாள். நான் கையை நீட்டிக்கொண்டு நின்றேன், கத்தவில்லை. அது எனக்கு எவ்வளவு பெரிய வேலை என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். கால் மணி கழித்துக் கொடுத்தாள். நானும் அவரும் நேராகப் பேசினோம், நேராகச் சண்டையும் போட்டோம். நேரில் சண்டை போடுவது சிரமம். அவர் முகம் சுண்டிப்போவது கண்ணுக்குத் தெரிகிறது, சொல்ல வந்ததில் பாதியை விழுங்க வேண்டியிருக்கிறது.

இருபத்து மூன்றாம் நாள் ஒரு வியாழக்கிழமை, மத்தியானம். அவருடைய தங்கை குடும்பத்தோடு பத்து நாள் தங்க வருகிறேன் என்றதற்கு, எனக்குத் தெரியாமலே இவர் சரி என்று சொல்லியிருந்தார். அதுவும் ஹரிணிக்குப் பரீட்சை நடக்கிற வாரத்தில். அடுத்தவர் சொல்லித்தான் எனக்குத் தெரிய வந்தது. கோபம் பழையபடி மூக்குக்கு மேலே ஏறிவிட்டது. அவர் இரண்டாவது கொட்டகையில் தீவனம் போட்டுக்கொண்டிருந்தார். ஹரிணி வாசலில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். டாக்டர், நோட்டு, விதி எதுவும் என் புத்தியில் இல்லை. "நீ போயி உங்கப்பாகிட்டச் சொல்லு—" என்று ஆரம்பித்துவிட்டேன்.

ஹரிணியின் பேனா நின்றது. சொல்லி வாயை மூடுவதற்குள் நான் என்ன செய்துவிட்டேன் என்று எனக்கு உறைத்தது. எல்லாம் போச்சு, திரும்ப முதலிலிருந்து என்று நினைத்தேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கழுத்து நரம்பு புடைத்தது.

"மாட்டேன்" என்றாள்.

சளி பிடித்த குரல் மாதிரிக் கரகரவென்று இருந்தது. ஆனால் குரல். அவளே ஒரு கணம் பயந்து தொண்டையில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டாள். பிறகு இன்னும் சத்தமாக, "மாட்டேம்மா. நீயே போயிச் சொல்லு" என்றாள்.

பதினாறு வருடத்தில் என் மகள் என்னிடம் மாட்டேன் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. சொல்லியிருந்தால் அறைந்திருப்பேன். அன்று அந்த வார்த்தையை இன்னொரு முறை சொல்ல மாட்டாளா என்று நின்றேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. அவளோ, சொன்னது புரியவில்லையா என்பது போல என்னையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

கொட்டகையில் அவருக்குக் கேட்டுவிட்டது. கையெல்லாம் தீவனத் தூளோடு ஓடி வந்தார். அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பாப்பாவா பேசுனது?"

"ஆமாங்க. உங்ககிட்டச் சொல்ல மாட்டாளாம்."

"என்னத்தச் சொல்லோணும்?" என்று என்னிடமே கேட்டார், என் முகத்தைப் பார்த்து.

எனக்கு எவ்வளவு யோசித்தும் அது ஞாபகத்துக்கு வரவில்லை.